தண்ணி வேணுமான்னு கேட்ட ஊடு

அம்மாவுக்கு வெண்ணிலா கும்பிட்டு எழுதறனுங்க. மூட்டுவலி தேவலைங்களா? நம்மூரு மஞ்சக்குட்டையில போன் டவர் கெடைக்காததால இந்தக் கடுதாசி.

இங்க சென்னையில குடிநீர் ஆபீசுக்காக ஊடு ஊடாப் போறேன். தண்ணியைச் சிக்கனமாப் புழங்கச் சொல்லி, குழாயில தண்ணி கம்மியா வர்றாப்புல ஒரு மூடியை இலவசமா மாட்டிக் குடுக்கறதுதான் வேலை.

குடுத்த தண்ணியை வேண்டாம்னா நம்மூர்ல மரியாதை இல்லைங்களே? அந்த நெனப்புல மொத நாள் எல்லா ஊட்லயும் சொம்பு சொம்பாக் குடிச்சுட்டேன். "மிச்சம் பண்ணச் சொல்ல வந்தவளே காலி பண்றியே"ன்னு சூப்பர்வைசர் சிரிச்சாரு. இனி எங்கயும் வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னுட்டாரு. இப்ப கையில பாட்டிலோட போறதால யாரும் கேக்கறதுமில்ல. மாடி ஏறி எறங்கிக் காலு நொம்ப ஓஞ்சுபோவுது.

ராகி மாவு கொஞ்சம் அனுப்பி வைங்க. நீங்க ரெண்டு கொடமாத் தூக்காதீங்க.

போன வாரம் ஒரு ஊட்டம்மா மட்டும், "தண்ணி குடிக்கிறியா கண்ணு?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். அவங்க குழாய் நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் சரிபாக்கணும்னு பொய் சொல்லி மூணு தடவ போயிட்டு வந்துட்டனுங்க.

பஸ் வந்துருச்சு.

வெண்ணிலா