ஞாயிற்றுக்கிழமை மைக்கில் நீ சொல்ல வேண்டியது

மேடவாக்கம்,
6.6.2007, புதன்

அன்பு மகன் தனசேகருக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எப்சிபா எழுதும் கடிதம். கர்த்தருடைய கிருபையால் இங்கே மூன்று பேரும் உடம்பால் சுகம். நீ ஷார்ஜா வெயிலில் காக்கப்பட வேண்டும் என்று ஒவ்வொரு வேளை சோற்றுக்கு முன்னும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பால் சுகம் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது, மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது அப்பாவின் செல் ஒன்றுதான், நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். உன்னோடு வேலை செய்கிற கோவிலம்பாக்கம் கோபு லீவு முடிந்து நாளை இரவு விமானம் ஏறுகிறான், இன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். "தபால்ல போட்டீங்கன்னா நீங்க பேரன் எடுத்தப்புறம்தான் போய்ச் சேரும், எங்கையில குடுங்கம்மா, பாஸ்போர்ட்டோட சேத்து வெச்சிக்கினு போறேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கம்போல நான் பேச்சாகச் சொல்வதை எப்சிபா புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதுகிறாள். தன்னைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், நான்தான் எடுத்துத் திரும்பக் கையில் கொடுத்தேன்.

அவள் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததும் கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியதும் உனக்குத் தெரியும். அவளே விரும்பி ஊழியத்துக்குப் போகிறாள் என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னார். அது அப்படி இல்லை தம்பி. ரிசல்ட் வந்த வாரம் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து தேவன் செய்ததைச் சொல்வார்கள், வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, கடன் தீர்ந்தது என்று, உனக்குத் தெரியாததா. அப்பா எழுந்தார். மார்க்கைச் சொன்னார், சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது, உட்கார்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், உட்காரவில்லை. "இந்த மார்க்க நான் காலேஜுக்குக் குடுக்க மாட்டேன், கர்த்தர் பாதத்துல வெக்கிறேன், எம்பொண்ணு முழு நேர ஊழியத்துக்கு" என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. முதல் நாள் வரைக்கும் அவர் மனதில் அது இருந்தது என்றுகூட நான் நம்பவில்லை. பெண்கள் பக்கம் பாயில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் பொன்னுசாமி ஐயா அவளை முன்னால் வரச் சொல்லித் தலையில் கை வைத்து ஜெபித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் போனாள். போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் நான் பாஸ்டர் வீட்டுக்கே போய், ஐயா அவளுக்குப் படிக்க ஆசை, மூன்று வருஷம் கழித்து வரட்டுமே என்று கேட்டேன். சாட்சியாகச் சொன்னது தேவனுக்குக் கொடுத்தது, அதைத் திரும்ப எடுப்பது திருட்டு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மிகவும் அன்பாகச் சொன்னார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உலகத்துக்கு இது கடைசிக் காலம், பட்டம் வாங்கி வேலைக்குப் போவதற்குள் கர்த்தர் வந்துவிட்டால் அந்தப் பட்டத்தை யாரிடம் காட்டுவாய் சகோதரி என்று கேட்டார். நம் சபையில் இந்த வருஷம் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளில் ஒன்றுகூடக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை, கேட்டால் வெட்கம் என்று பிள்ளைகளே கேட்பதில்லை. முன்பு என்ஜினீயரிங் சேர்ந்த ஜெயவேலுவின் பெயரை இப்போது ஜெபத்தில்கூடச் சொல்வதில்லை, அவன் அம்மா கடைசிப் பாயில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தை நீ பார்த்தவன், எப்சிபாவுக்கு நினைவில்லை. லேத் பட்டறையிலிருந்து சம்பளத்தோடு நேரே வீட்டுக்கு வருகிற மனிதனாக அவரை மாற்றியது இந்தச் சபைதான், அந்த நன்றி எனக்கு இல்லாமல் இல்லை, நான் விசுவாசத்தை விட்டுவிடவும் இல்லை. கொடுக்கிறதாக இருந்தால் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார், வீட்டில் இருப்பதிலேயே நல்லது அவள்தான். மேத்ஸ் மிஸ் வீடு தேடி வந்து, "சார், இந்தப் பொண்ண வீணாக்கிடாதீங்க" என்று கெஞ்சினார். "வீணாக்கல மிஸ், வெதைக்கிறேன்" என்றார் அப்பா. அந்த அம்மா காபியைத் தொடாமல் எழுந்து போனார். ஆனாலும் விட்டுவிடவில்லை, கிழக்குத் தாம்பரம் கல்லூரியில் எப்சிபா பெயரில் மிஸ்ஸே விண்ணப்பம் போட்டிருந்தார், பி.எஸ்சி. கணிதத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. முதல் வருஷப் பணமும் தானே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றவர்களில் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட்டால் போதும். வருகிற திங்கட்கிழமைதான் கடைசி நாள். அதே திங்கட்கிழமைதான் கேளம்பாக்கத்தைத் தாண்டி இருக்கும் ஊழியர் இல்லத்தில் அவளைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். கல்லூரி திறக்கிற சமயத்தில் பிள்ளையின் மனம் அலையும் என்று பாஸ்டரே பார்த்துக் குறித்த நாள்.

தண்ணி லாரி வந்தபோது அடுத்த வீட்டு அஜீசா எல்லார் எதிரிலும் கேட்டாள், "இன்னாக்கா, இருநூறு மார்க்கையும் ஜாடில போட்டு ஊறுகாயா ஊற வெக்கப் போறீங்களா? எங்க பொண்ணு சோயா புர்கா போட்டுக்கினு தெனம் பஸ்ல காலேஜ் போய்ட்டு வருது, அதுக்கோசரம் தொழுகைய வுட்டுடுச்சா இன்னா?" என்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்து அப்பாவிடம் அதையே கேட்டேன். அப்போதுதான் அவர் உன்னை இழுத்தார். "தனசேகர் காலேஜ் போனானா? கெட்டா பூட்டான்? இன்னிக்கு ஃபாரின்ல சூப்பர்வைசரு!" என்றார். அப்பா மட்டுமில்லை தம்பி, சபையில் யார் பிள்ளை படிக்கிறேன் என்று வாயெடுத்தாலும் பாஸ்டர் உன் பெயரைத்தான் சொல்கிறார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நீ சாட்சி நேரத்தில் போன் செய்வதும், அப்பா செல்லை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பதும், கர்த்தர் என்னைப் பட்டம் இல்லாமலே உயர்த்தினார் என்று நீ சொல்வதும், எல்லாரும் கை தட்டுவதும் வழக்கமாகிவிட்டது. போன லீவில் நீ குப்புறப் படுத்திருக்க நான் உன் தோளில் எண்ணெய் தேய்த்தேனே, ஏசி குழாய் தூக்கித் தூக்கித் தோல் காய்த்துப்போயிருந்தது. அப்போது நீ என்ன சொன்னாய். டிப்ளமா முடித்த பையன்கள் கேபினில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறார்கள், நான் அவர்களுக்குக் கீழே ஹெல்பர், பாலிடெக்னிக் சேர்ந்திருந்தால் நானும் உள்ளே இருந்திருப்பேன், அப்பா சந்தோஷப்படட்டும் என்றுதான் சூப்பர்வைசர் என்று சொல்லிவைத்தேன், நீ சொல்லிவிடாதே என்றாய். இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணா, இது எப்சிபா. அம்மா உலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், வருவதற்குள் எழுதுகிறேன். இல்லத்தில் வேலை கஷ்டம் என்பதற்காக நான் பயப்படவில்லை. சமைப்பது, துவைப்பது, ரயிலில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது எல்லாம் செய்வேன். எனக்கு வேறு பயம். முதலில் அழுதேன், பிறகு ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, படிக்க ஆசைப்படுவது என் பெருமைதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் தப்புச் செய்வதுபோல் கை பின்னுக்கு வருகிறது. நேற்றுக் காலை முழங்காலில் நின்றபோது, ஆண்டவரே எனக்குக் கணக்கு மறந்துபோகட்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, உடனே மறந்துவிட்டதா என்று மனதுக்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அண்ணா, அந்தச் சந்தோஷத்துக்காக மன்னிப்பும் கேட்டேன். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் நீங்கள் யார் வந்து கூப்பிட்டாலும் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அம்மாதான் தம்பி. என்ன எழுதினாய் என்று கேட்டேன், வாசித்துக் காட்டினாள். அடித்துவிடட்டுமா என்றாள், வேண்டாம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கணக்கு மறந்துபோக வேண்டும் என்று ஒரு பிள்ளை முழங்காலில் நிற்பதற்காகவா நான் இவளைச் சபைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான் சொல்வது பாவமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, பாவம் என்றால் என் தலைமேல் வரட்டும், அவள்மேல் வேண்டாம்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நேற்றுச் சண்டை முற்றியபோது அப்பா, "எம்புள்ள வாயால சொல்லட்டும், படிக்காதது தப்புன்னு. அன்னிக்கு நானே எழுந்து சாட்சிய வாபஸ் வாங்கறேன்" என்றார். நீ அப்படிச் சொல்ல மாட்டாய் என்ற தைரியத்தில் சொன்னார், ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். நான் கையெழுத்துப் போடப் போனால் அன்றோடு இந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் இடம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார், அதையும் காப்பாற்றுவார். வருகிற ஞாயிறு இரண்டாம் ஞாயிறு. நீ வழக்கம்போலக் கூப்பிடுவாய், அவர் செல்லை மைக்குக்குப் பிடிப்பார். அப்போது உள்ளதைச் சொல். நான் சூப்பர்வைசர் இல்லை, ஹெல்பர், படித்திருக்க வேண்டும், என்னைக் காட்டி யாரையும் நிறுத்தாதீர்கள் என்று சொல். தனியாக அப்பாவிடம் சொன்னால் அம்மா சொல்லிக்கொடுத்தாள் என்பார், எல்லார் காதிலும் விழ வேண்டும். உனக்கு அவமானம் என்று தெரியும் ராஜா. இத்தனை வருஷம் கை தட்டியவர்கள் பொய் சொன்னான் என்பார்கள். பாஸ்டர் நமக்குத் திருப்பந்தியில் அப்பமும் ரசமும் தருவதைக்கூட நிறுத்தலாம். உன்னிடம் இதைக் கேட்க வாய் கூசுகிறது, கேட்க வேறு ஆள் இல்லை.

நீ பேசினாலும் பேசாவிட்டாலும் திங்கட்கிழமை காலை நான் அவளைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறுவது நிச்சயம். இதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், எழுது என்றேன், எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது என்றாலும் என் பெயரைப் போடத் தெரியும், அந்தக் கல்லூரிக்கு அது போதுமாம்.

கோபுவிடம் எலுமிச்சை ஊறுகாயும் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், கருவாட்டை ரூமில் மற்றவர்களுக்கு நாற்றம் அடிக்காமல் மூடி வை. வெயிலில் வெறும் வயிற்றோடு மேலே ஏறாதே. கர்த்தர் உன் நாவையும் உன் கால்களையும் காத்து ஆசீர்வதிப்பார். ஞாயிறு இங்கே பதினொன்றரைக்குச் சாட்சி நேரம், வேலையில் இருந்தாலும் ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து கூப்பிடு. திங்கட்கிழமை சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது இந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், அதை மட்டும் நீ செய்.

உன் அம்மா,
புஷ்பலதா