ஞாயிற்றுக்கிழமை தெரியாத நாய்

19 நவம்பர் 1987, வியாழன்

ஷைலேந்திரா குடும்பமும் சிட்னிக்குப் போய்விட்டது. மே மாதம் இந்தத் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இந்தத் தெருவில் காலியான மூன்றாவது இந்தியர் வீடு. அவர்களுடைய நாய் ஷேரு இப்போது என் வாசலில் படுத்திருக்கிறது. வயது மூன்று, செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியே இருக்கும்.

கார் கிளம்பும்போது அவர்கள் பெண் தீப்திகா இறங்கி ஓடிவந்தாள். எட்டு வயது. இந்தியில் கேட்டாள், ஷேருவை விட்டுவிட்டு எங்கேயும் போய்விட மாட்டீர்களே என்று. "போகமாட்டேன். இனிமேல் இது என் நாய்" என்றேன்.

அடுத்த வருஷம் இருக்கமாட்டேன் என்று நான் பாடம் நடத்துகிற பள்ளியில் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஜனவரியில் மதுரைக்குப் போக எடுத்த டிக்கெட் பீரோவுக்குள் இருக்கிறது. என் மனைவி ஜெயலட்சுமியும் பையனும் ஜூனிலேயே போயாயிற்று. இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அழுகிற குழந்தையிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

20 நவம்பர், வெள்ளி

சாப்பிடவில்லை. அந்த வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது.

24 நவம்பர், செவ்வாய்

பகலெல்லாம் சங்கிலி, இருட்டினால் அவிழ்த்துவிடுவது. இங்கே நாய் வளர்க்கிற முறை இதுதான். ஷேருவும் அப்படியே வளர்ந்ததால் ஓடத் தெரியவில்லை. அவிழ்த்துவிட்டாலும் சங்கிலி நீளத்துக்குள்ளேயே சுற்றுகிறது. பார்க்கப் பாவமாக இருந்தது.

காலையில் கரும்பு ரயில் போகிற தண்டவாளத்தை ஒட்டிக் கூட்டிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயது, இந்தத் தொப்பை, காலில் ரப்பர் செருப்பு! கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியை ஊன்றி நின்று சிரித்தார்கள். "மாஸ்டர்ஜி, நீங்க குத்தாவ கூட்டிட்டுப் போறீங்களா, அது உங்களக் கூட்டிட்டுப் போவுதா?" என்றார் அப்பலசாமி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பத்து ஏக்கர் கரும்பு அவருக்கு. இப்படி இந்தி கலந்தாவது தமிழில் என்னிடம் பேசுகிற ஆள் இந்த வோட்டுவாலேவு ஊரில் அவரும் அவர் சம்சாரமும்தான்.

பந்து போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேங்காய் மட்டையை வீசினேன், பிய்த்துக்கொண்டு ஓடிக் கவ்வி வந்தது! வாலை ஆட்டிய ஆட்டத்தில் இடுப்பே கழன்றுவிடும் போல. நானும் கை தட்டிவிட்டேன். பிறகு ஜனவரி நினைப்பு வந்தது. இதற்கு ஓடச் சொல்லிக் கொடுத்துவிட்டு நான் ஓடிப்போகப் போகிறேன்.

29 நவம்பர், ஞாயிறு

ராணுவம் போட்ட புதுச் சட்டம், ஞாயிறு கர்த்தருடைய நாளாம். ஞாயிறன்று வேலை கூடாது, விளையாட்டு கூடாது, பஸ் இல்லை, கடை இல்லை. கடற்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாலும் குற்றம். மனிதர்கள் அடங்கிப்போனோம். நாய்க்கு யார் சொல்வது? பொழுது விடிந்ததிலிருந்து மட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுப் போட்டு முகத்தைப் பார்க்கிறது. கட்டிப்போட்டேன். ஊளையிட்டது.

6 டிசம்பர், ஞாயிறு

இரண்டு தடவை விளக்கை அணைத்துப் படுத்து எழுந்துவிட்டேன். எழுதிவிட்டால் சரியாகுமா?

காலையில் ஊளை தாங்கவில்லை. கரும்புக்குள் வண்டிப்பாதை இருக்கிறதே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதே என்று கூட்டிக்கொண்டு போனேன். நாலு தடவைதான் வீசியிருப்பேன். சந்தோஷத்தில் குரைக்க ஆரம்பித்தது. வாயைப் பொத்துவதற்குள் ரோட்டில் ஜீப் நின்றுவிட்டது. சிப்பாய்கள் இரண்டு பேர்.

ஷேரு அவர்களிடம் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. கரும்புக்குள் பாய்ந்து யாரையோ சுற்றிச் சுற்றிக் குரைத்தது. உள்ளே அப்பலசாமி. குனிந்து சத்தமில்லாமல் களை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நாய் மட்டும் போகாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நாய் யாருடையது?" என்று இங்கிலீஷில் கேட்டான் ஒருத்தன்.

"என்னுடையது இல்லை. சொந்தக்காரர் சிட்னிக்குப் போய்விட்டார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. எங்கிருந்துடா வந்தது அந்த வார்த்தை? பாஸ்போர்ட், விசா, மதுரை, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் ஓடிற்று. நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவன் பார்த்தான்.

அப்பலசாமி நிமிர்ந்தார். "என் நாய்தான் சார். அவுத்துக்கிட்டு ஓடிருச்சு, புடிக்க வந்தேன்." கையில் மண்வெட்டி இருந்தது. யார் நம்புவார்கள்? ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைப் பார்த்து, நீ வெளிநாட்டு வாத்தியார், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனேன்!

ஷேருவும் என் பின்னாலேயே வந்துவிட்டது. அவர் சம்சாரம் தாயம்மாவிடம் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர. "நீங்க என்னா பண்ணுவீங்க மாஸ்டர், குந்துங்க" என்று டீ போட்டுக் கொடுத்தது அந்த அம்மாள். குடித்தேன். அதையும் குடித்தேன்.

7 டிசம்பர், திங்கள்

மத்தியானம் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது தப்பு என்று பிடித்துக்கொண்டு போய், அன்றைக்கே வெயிலில் முகாமைச் சுற்றிப் புல் வெட்ட வைத்தார்களாம். அப்பலசாமி சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "வுடுங்க மாஸ்டர்" என்று கையைக் காட்டிவிட்டார். திட்டியிருக்கலாம்.

போகும்போது ஷேருவைக் கேட்டார். "ஜீப்காரன் இந்தப் பக்கம் வந்தா பாப்பான். எந்நாய்ன்னு சொல்லிட்டேன், என் வூட்ல இருக்கணும்ல?" நியாயம்தானே. சங்கிலியோடு கொடுத்தேன்.

எழுதக் கூசுகிறது. கொடுத்ததும் மனசில் முதலில் வந்தது நிம்மதி. ஜனவரிக்கு ஒரு வழி பிறந்ததே என்று. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. என்ன ஜென்மம் நான்?

12 டிசம்பர், சனி

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டியிருக்கவில்லை. அப்பலசாமி வாய்க்காலில் மண் வாரிப் போட, வாரிய மண்ணையெல்லாம் இது காலால் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. "அரே, வேலைய கெடுக்கிறியே!" என்று அவர் கத்தினார். அதற்குக் கொண்டாட்டம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையை நக்கியது. பிறகு வாய்க்காலுக்கே திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. ஒரு நாய்க்காகக்கூடப் பொறாமை வருமா என்ன?

2 ஜனவரி 1988, சனி

முக்குக் கடைக்குப் போன் வந்திருக்கிறது, மாஸ்டர்ஜியைக் கூப்பிடச் சொல்கிறார்கள் என்று ஆள் வந்தது. ஷைலேந்திரா புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். பின்னால் தீப்திகா எனக்கு, எனக்கு என்று குதிப்பது கேட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஷேரு எப்படி இருக்கிறான் என்றாள். நன்றாக இருக்கிறான் என்று சொல்லி முடித்திருக்கலாம். இந்த ஒரு தடவையாவது என்று தோன்றிற்று. "ஷேரு இப்போது என்னிடம் இல்லையம்மா. அப்பலசாமி தாத்தா வீட்டில் இருக்கிறான். என் நாய் இல்லை என்று நான்தான் சொல்லிவிட்டேன். பயந்துபோய்ச் சொன்னேன்" என்றேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தத் தாத்தா எங்கேயும் போகமாட்டார்தானே?" என்றாள்.

"மாட்டார்."

"அப்படியென்றால் சரி" என்றாள். அவள் விட்ட பெருமூச்சு சிட்னியிலிருந்து கேட்டது.

நான் எப்போது போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை.