பொந்தைத் தட்டி மரங்கொத்தி பார்க்கும் குழுவைத் தடுக்கக் கோருதல்

அனுப்புநர்:
பிரசவ வார்டு செவிலியர்,
பூங்காவின் பின்வாசலுக்கு எதிர் மாடி வீடு.

பெறுநர்:
பூங்காக்கள் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: குஞ்சு பொரித்துள்ள சிறு மரங்கொத்திகளுக்குப் பறவை பார்ப்போர் குழு தொல்லை கொடுப்பது – உடனே தடுக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பின்வாசல் வாகை மரத்தின் பட்டுப்போன கிளையில் ஒரு ஜோடி சிறு மரங்கொத்திகள் பொந்து குடைந்து குஞ்சு பொரித்துள்ளன. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். முதுகில் பழுப்பும் வெள்ளையுமாக வரி. ஆணுக்கு மட்டும் கண்ணுக்குப் பின்னால் நூலிழை போல ஒரு சிவப்புக் கோடு உண்டு. இந்தக் கோட்டால்தான் வந்தது வினை.

2. தாங்கள் அனுமதி அட்டை கொடுத்து உள்ளே விட்டிருக்கும் பறவை பார்ப்போர் குழு, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொள்வதற்காக மரத்தைக் கல்லால் தட்டுகிறது. பாம்பு ஏறி வருகிறதோ என்று பயந்து பறவை தலையை நீட்டும். உடனே கேமராக்கள். பின்னால் நின்றவருக்குச் சரியாகத் தெரியவில்லையென்றால் மறுபடியும் தட்டு. சீ, என்ன ஜென்மங்கள்! மனுவில் எழுதத் தகாத சொல்தான். ஆனால் அடித்துத் திருத்த மனமில்லை.

3. ஒருத்தி உள்ளே வலியில் துடிக்கும்போது, "ஆணா, பொண்ணா? சீக்கிரம் சொல்லுங்க சிஸ்டர்" என்று கதவைத் தட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வார்டில் அவர்களை விரட்டும் அதிகாரம் எனக்கு உண்டு. பூங்காவில் அது தங்களிடம் இருக்கிறது.

4. கடந்த ஞாயிறன்று ஆண் பறவை வாயில் புழுவோடு வந்தது. பொந்துக்குள் குஞ்சுகள் கத்துவது கீழேவரை கேட்டது. இந்தக் கூட்டமோ நகரவில்லை. கிளைக்குக் கிளை தாவிப் பார்த்த பறவை, கடைசியில் புழுவைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது. அதன் சிவப்புக் கோட்டை நான் தட்டாமலேயே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் யார் கண்ணுக்கும் தெரியும்.

5. குழுவின் தலைவர் என் உடன்பிறந்த தம்பி. கேட்டதற்கு, "போக்கா, ரெண்டு தட்டு தட்டினா செத்தா போயிடும்?" என்றான். அவனுடைய அட்டையையும் சேர்த்தே ரத்து செய்யுங்கள். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்; அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

6. ஆகவே, குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, காவலுக்கு ஓர் ஆளை இன்றே நிறுத்த வேண்டுகிறேன். கோப்பு மேசை மேசையாக நகரும்வரை பசித்த குஞ்சு தாங்காது.

7. இதை நேரில் சொல்லவே தங்கள் அறைக்கு வந்தேன். தாங்கள் இல்லை. தங்கள் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் புகைப்படத்தைப் பார்த்தேன். அதே பொந்து, வாயைத் திறந்தபடி அதே பறவை. என் தம்பி தங்களுக்குக் கொடுத்த பரிசாம். "எவ்ளோ அழகா பாடுது பாருங்க" என்றார் தங்கள் எழுத்தர். அது பயத்தில் போடும் கூச்சல், ஐயா. இம்மனுவின் மீது நடவடிக்கை எடுக்கும் முன், எழுந்து திரும்பி, அந்தப் படத்தைத் தங்கள் கையாலேயே கழற்றும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பின்வாசல் வாகை மரத்தடி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
காவலுக்கு ஆள் வரும்வரை இங்கேயே நிற்கும்,
(ஒப்பம்)
செவிலியர்