லோரி விழுங்கிய இரண்டு சொற்கள்

அன்பு மகன் ஜேசனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் இந்த மழையிலும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் ஆக்லாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் உன்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா வந்து கையிலிருந்து வாங்கிவிடுகிறாள், வாங்காவிட்டாலும் பக்கத்தில் நின்று கேட்கிறாள். நான் எழுதப்போவது அவள் காதில் விழக் கூடாத விஷயம். பக்கத்து வீட்டு அம்சவல்லியின் மகள் சாந்தினி விடுமுறை முடிந்து நாளை உங்கள் ஊருக்கே படிக்கத் திரும்புகிறாள். தேயிலைத் தூள் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து, இறங்கிய கையோடு உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் அம்மாவின் கால்தான். நீ பாதி அறிவாய், மீதியை நான் சொல்கிறேன். கோயிலுக்குக் குறுக்கு வழியில் போகிறேன் என்று தேயிலைக்குள் இறங்கி, கவ்வாத்து வெட்டிய கட்டையில் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டாள். மஞ்சள் வைத்தாள், அது சீழ் பிடித்தது. கிளினிக்கில் டாக்டர் சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, சிவப்பு இதைத் தாண்டினால் உடனே வாருங்கள் என்றார். புண்ணைப் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆண்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். உறையில் 'ஹாபிஸ்கான்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. முழுவதையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல். அம்மாவுக்கு அது வேத வாக்கியம் ஆகிவிட்டது.

சில நாள் கழித்து, கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஷஃபிகா எனக்குப் போன் செய்தாள். சோதனை முடிவு வந்துவிட்டது, புண்ணில் இருக்கும் கிருமிக்கு இந்த மருந்து கேட்காது, வந்து வேறு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். கடைசியாக, 'ஊபாட் லாமா தாக் பாயா ஹாபிஸ்கான்' என்றாள். பழைய மருந்தை முடிக்க வேண்டாம் என்று பொருள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா அடுப்படியில் இருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து கோலா தெர்லா காய்கறித் தோட்டத்திலிருந்து கோபிஸ் மூட்டை ஏற்றிய லோரி ஒன்று வாசலில் கியர் மாற்றி ஏறியது. வேண்டாம் என்கிற அந்தத் 'தாக் பாயா' லோரிச் சத்தத்தோடு போய்விட்டது. அம்மாவுக்குக் கேட்டது ஹாபிஸ்கான் மட்டும்.

நான் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு ஹாபிஸ்கான்னுதான் சொல்லுச்சு, எங்காதால கேட்டேன். உங்க எடது காது லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே" என்றாள். முப்பது வருஷம் இந்த மலையிலிருந்து பேப்பருக்குச் செய்தி கொடுத்தவன் நான். லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்த வருஷம், மழையிலும் அழுகையிலும் போனில் வந்த, இறந்தவர்களின் பெயர்களை ஓர் எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்ட காது இது. அதைச் சொன்னதற்கு, "அந்தப் பேப்பர்லதான மருந்தப் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு எழுதுனீங்க, இப்ப ஏன் மாத்திப் பேசுறீங்க" என்று என் வாயை அடைத்தாள். திரும்பக் கூப்பிட்டால் கிளினிக் மூடிவிட்டது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், சிவப்பு கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறது. கேட்டால் குளிக்கும்போது கோடு மங்கி, அவள் கண்ணுக்குத் தெரியவில்லையாம். மாத்திரையைக் கையில் எடுத்தாள், நான் பிடுங்கினேன், அவள் உன்னைக் கூப்பிட்டாள்.

பிறகு நடந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நீ, "அப்பாகிட்ட போனக் குடுங்கம்மா" என்றாய். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாய், சொன்னேன். போன் அம்மா கைக்குப் போனதும் நான் சொன்னதையே சொன்னாய். "பழைய மருந்த நிறுத்திட்டு, போயி வேற வாங்குங்கம்மா." அவ்வளவுதான். மாத்திரையை உறையில் போட்டுவிட்டுச் சேலை மாற்றப் போனாள். என் வாயிலிருந்து வந்தபோது செவிட்டுப் பேச்சாக இருந்தது, கடல் தாண்டி உன்னிடம் போய்த் திரும்பியதும் வைத்தியம் ஆகிவிட்டது. நீ குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன் தம்பி. உனக்கு ஆண்டிபயாட்டிக்கைப் பற்றி என்ன தெரியும்? கிளினிக்கில் ஷஃபிகா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும், நல்ல வேளை வந்தீர்கள் என்றாள். அதற்கு அம்மா, மகன் நியூசிலாந்திலிருந்து சொன்னான், அதனால்தான் வந்தேன் என்று பெருமையாக மலாயில் சொன்னாள். அத்தனை வளைவிலும் கார் ஓட்டிக்கொண்டு வந்தவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்சவல்லிக்கும் இது தெரிந்துவிட்டது. "என்னாண்ணே, உங்க வீட்டு மேல்கோர்ட்டு ஆக்லாந்துல இருக்குபோல லா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறாள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்கு உன் மேல் பொறாமை. நீ வீடியோவில் வருகிற நாளில் அவள் தலை வாரிப் பவுடர் போட்டு உட்காருகிறாள். உன் குரல் செய்திகளைச் சமைக்கும்போது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாள். அங்கே நீ தும்மினால் இங்கே மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏறுகிறது. நான் இருமினால் தைலம் அலமாரியில் இருக்கிறது, எடுத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். தூரத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கிற மரியாதை ஒரே கூரைக்குக் கீழே இருப்பவனுக்கு இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள், தம்பியைக் காதை மூடிக் குல்லா போடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் கடிதத்திலும் அவள் உனக்கு இடம் பிடித்துவிட்டாள். குல்லா போட்டுக்கொள்.

இப்போது நான் கேட்க வந்தது. புது மருந்தில் சிவப்பு இறங்கிக் கோடு இருந்த இடத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அது வயிற்றைப் புரட்டுகிறதாம். கால்தான் நன்றாகிவிட்டதே, மிச்சத்தை எதற்கு விழுங்க வேண்டும் என்கிறாள். இதை உண்மையிலேயே முடிக்க வேண்டும். வயிற்றுப் புரட்டலுக்கு ஷஃபிகாவிடமே கேட்டேன், சோறு சாப்பிட்ட பிறகு போடச் சொன்னாள், ஒரு வேளையும் விடக் கூடாது என்றாள். நான் சொன்னால், "தம்பிக்கிட்ட கேட்டுக்கிறேன்" என்று எழுந்து போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னைக் கூப்பிடுவாள். நீ உடனே பதில் சொல்லிவிடாதே. அப்பா என்ன சொன்னார் என்று கேள். அவள் சொன்னதும், அப்படியென்றால் அப்பா சொன்னபடியே செய்யுங்கள் என்று மட்டும் சொல். அப்போதும் முரண்டு பிடித்தால் நீயே முடிக்கச் சொல்லிவிடு தம்பி, மருந்து உள்ளே போனால் சரி. ஆனால் முதலில் ஒரு தடவை என் பேரைச் சொல்லிப் பார்.

ஆண்டவர் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், கை வேலை சிறக்கட்டும். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கிரகரி