புகைக் காம்பராவில் காயவைத்த நிக்கல் பட்டிகள்

என் மகள் ஷாமிளாவுக்கு யட்டியாந்தோட்டையிலருந்து அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் மாரியம்மா புண்ணியத்துல ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், ஜோர்தான்ல நீயும் அப்படியே இருக்கணும்னு வெள்ளிக்கிழம தோறும் ஒம் பேருக்குத்தான் அர்ச்சன வைக்கிறேன். தெனம் போன்ல பேசுற அம்மா எதுக்குக் கடுதாசி எழுதுதுன்னு யோசிப்ப. போன்ல பேசினா லயத்துல கடைசி வீடு வரைக்கும் கேக்குது, அதுவும் ஒங்கப்பா பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு புள்ள என்ன சொல்லுது என்ன சொல்லுதுன்னு உசுர எடுக்குறாரு. ஒங்கூட தையல் ஃபெக்டரியில இருக்கிற பஜார் றிப்தா லீவு முடிஞ்சு திங்கக்கிழம பிளேன் ஏறுதாம், அது கையில குடுத்து விடுறேன். படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுரு.

இங்க மழைன்னா மழை அப்படியொரு மழை, துவச்ச துணி காயாம நாறுது, ரப்பர் பால் வெட்டும் பாதி நாள் இல்ல. அழகம்மா சித்திக்குப் பேத்தி பொறந்திருக்கு, மூக்கு மட்டும் அவங்க குடும்பத்து மூக்குதான், பாவம் என்ன செய்யிறது. அப்பா ஓட்டுற வண்டி, நம்ம தோட்டத்துத் தொரையோட வெள்ள கெப், ஞாபகம் இருக்குல்ல, கதையே அதுலதான் ஆரம்பிச்சிச்சு. போன மாசம் கொழும்புலருந்து கம்பெனிக்காரங்க தோட்டம் பாக்க வர்றாங்கன்னதும் தொரைக்கு வண்டியோட மூஞ்சி புடிக்காம போயிருச்சு. முன்னுக்குக் கிரில்லுல நாலு நிக்கல் பட்டி பளபளன்னு இருக்குமே, அது தோல் உரிஞ்சு கெடந்துச்சு. கராஜுக்குக் குடுத்தா ஒரு வாரம் வச்சுக்குவாங்க, நீயே கழட்டிக் கறுப்பு அடிச்சிருவியா ஐயாவுன்னு ஒங்கப்பாகிட்ட கேட்டிருக்காரு. இந்த மனுசன்கிட்ட கேக்கணுமா, பொண்ணு பாக்க வரச் சொன்ன மாதிரி ஒரே சந்தோசம்.

பானட்டத் தூக்கி, கிளிப்பெல்லாம் ஒண்ணொண்ணாப் புடுங்கி, கிரில்ல வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாரு. பட்டிய முன்னாலருந்து நெம்புனா ஒடஞ்சிரும், பின்னால இருக்கிற கொக்கிய அமுக்கித்தான் எடுக்கணுமாம், அத எனக்கு நாலு தடவ சொல்லிக் குடுத்தாரு, நான் என்னமோ நாளைக்கே டிரைவர் வேலைக்குப் போற மாதிரி. சோப்புத் தண்ணியில கழுவி, சேன்ட் பேப்பர் போட்டு நிக்கல் மினுக்கம் போற வரைக்கும் தேச்சு, சாம்பல் கலர்ல ஒரு பூச்சு, அதுக்கு மேல கறுப்பு. பூச்சு நல்லாத்தான் விழுந்துச்சு, கண்ணு பட்டுரும்னு நானே சொன்னேன். ஆனா இந்த ஈரத்துல பெயிண்ட் காயல. மூணு நாளு விறாந்தையில கெடந்தும் தொட்டா கையில ஒட்டுது. கம்பெனிக்காரங்க மறுநாள் வர்றாங்க. அப்பா சோறுகூட எறங்காம சுத்திச் சுத்தி வந்தாரு.

அங்கதான் புள்ள நான் மடத்தனம் பண்ணினேன். ரப்பர் சீட்டையே ரெண்டு நாளுல புகை போட்டுக் காயவைக்கிற ரூம், அந்தப் புகைக் காம்பரா என் பொறுப்புல இருக்கு, நாலு பட்டி என்ன பெரிய விசயமான்னு நெனச்சுட்டேன். அப்பா லொறியில தெஹியோவிட்டைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து பட்டிய ஒரு சாக்குல சுத்திக் கொண்டுபோய், சீட்டுத் தொங்குற மூங்கில் மேல வரிசையா வச்சு, சுருக்காக் காயட்டும்னு அடுப்புல ரப்பர் வெறகு ரெண்டு கட்டை கூடவே தள்ளினேன். நிக்கல் மாதிரி மின்னுனதால இரும்புன்னு நெனச்சேன். பிளாஸ்டிக்காம்! மத்தியானம் கதவத் தெறந்தா நாலும் வாழைச் சருகு மாதிரி சுருண்டு மூங்கில் மேல தொங்குது. ஐயோன்னு அங்கயே ஒக்காந்துட்டேன். புகைக் காம்பராக்குள்ள பெயிண்ட் பட்ட சாமான் கொண்டு போறதே பெரிய குத்தம், நெருப்புப் புடிச்சா ரப்பர் ஸ்டோரே போயிரும்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கு, அதத் தெனம் பாக்குறவ நான்.

அப்பா வந்து பாத்தாரு. நாலையும் எடுத்துக்கிட்டு தொரை பங்களாவுக்குப் போயி, நான்தான் வச்சேன்னு சொல்லிட்டாரு. மறுநாள் கம்பெனிக்காரங்க முன்னுக்கு வண்டி பொக்கவாயாட்டம் நின்னுச்சு. அன்னைக்கே சாவிய வாங்கி, புதுசா வந்த டிரைவர் பையன் மதுசன்கிட்ட குடுத்துட்டாங்க. இருவத்திரெண்டு வருசம் வண்டி ஓட்டுன மனுசன் இப்ப ஸ்டோர் கேட்டுல வாச்சரா நிக்கிறாரு. கெப் வர்றப்ப கேட்ட இவருதான் தெறந்து விடணும். எனக்கு அதப் பாக்க முடியல புள்ள. ரெண்டு வாரம் பொறுத்துட்டு, போன புதன்கிழம அவருக்குத் தெரியாம பங்களாவுக்குப் போயி, வச்சது நான், அந்த மனுசன் இல்லன்னு தொரைகிட்ட சிங்களத்துலயே சொல்லிட்டேன்.

தொரை பேப்பர்லருந்து கண்ணையே எடுக்கல. அது அன்னைக்கே தெரியும்னாரு. ஒங்கப்பா மொதல்ல உண்மையத்தான் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம், அவ வலிக்கிற முட்டிய வச்சுக்கிட்டு மலையேறி பால் வெட்ட முடியாது தொரை, புகைக் காம்பரா வேல ஒண்ணுதான் அவளுக்குத் தோதா இருக்கு, எம் பேர எழுதிக்குங்க, வண்டியக்கூட எடுத்துக்குங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு. அவரு பேரத்தான் எழுதி கம்பெனிக்கு அனுப்பியாச்சு, இப்ப மாத்தினா பொய் சொன்னதுக்கு அவருக்கும் வேல இல்ல, ஒனக்கும் வேல இல்ல, லயத்து வீடும் இல்ல, பேசாம போய் வேலையப் பாருன்னுட்டாரு தொரை. நானும் போய்ப் பாத்தேன்.

இப்பச் சொல்றேன், மேல ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு எழுதினது வழக்கத்துக்கு எழுதினது. ஒரு வருசமா எனக்கு அந்தப் புகை ஒத்துக்கல. ஸ்டோருக்குள்ள நல்லா இருமிட்டுத்தான் வீட்டுக்கு வர்றது, அப்பாவுக்குத் தெரியாது. தை பொறந்ததும் வேலைய விட்டு நின்னுக்கலாம்னு மனசுல வச்சிருந்தேன், வாய் தெறந்து சொல்லல, அதுதான் நான் செஞ்ச பெரிய தப்பு. இப்ப எப்படிச் சொல்லுவேன், நீயே சொல்லு. தெனம் காலையில கேட்டத் தெறந்து, பாத்துப் போ இருளாயின்னு சிரிச்சுக்கிட்டு அனுப்புறாரு. உள்ள போயி நெருப்பு மூட்டுறேன். வேற எங்க போறது நான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஓவர் டைம் ஓவர் டைம்னு ஒடம்பக் கெடுத்துக்காத, தலைக்கு எண்ண வையி. மாரியம்மா ஒன்னையக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும், நீ போற எடமெல்லாம் ஒனக்கு நல்லதாவே அமையட்டும். ஒண்ண மட்டும் மறந்துறாத. போன்ல நான் இருமுறது கேட்டு, வேலைய நிறுத்துங்கம்மான்னு அவரு காதுல விழுற மாதிரி சொல்லிறாத. அப்புறம் அந்த மனுசன் எனக்காக வண்டியக் குடுத்ததுக்கே அர்த்தமில்லாம போயிரும்.

இப்படிக்கு
ஒன் அம்மா இருளாயி