முடிசூடாத ராஜாவின் கண்கள்

டிராயிங் மாஸ்டர் அவர்களுக்கு,

ஒழுங்கு இல்லாமல் எழுத எனக்கு வராது. பாடம் தொடங்குமுன் கரும்பலகை ஓரத்தில் குறிப்புகளை எண் போட்டு எழுதிவைப்பேன். நீங்கள் கேலி செய்வீர்கள். இப்போதும் அப்படியே தொடங்குகிறேன்.

1. எதிர்வீட்டு டர்பன்டைன் வாசனை.
2. ஒரு ராஜாவைப் பற்றி நமக்குள் நடந்த வாதம்.
3. உங்கள் வேலையைக் காப்பாற்ற நான் செய்த காரியம்.
4. அந்த ராஜா போனதும் நீங்கள் போனதும்.

எதிர்வீட்டில் கல்யாணம். கதவு ஜன்னலுக்கெல்லாம் பச்சை வர்ணம் அடிக்கிறார்கள். மூன்று நாளாக அந்த வாசனை என் அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் மருமகள். சாத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் அறையும், அதில் வேட்டித் துணி போர்த்தி நின்ற படமும் கண்முன் வந்தன. அவற்றை வெளியே அனுப்ப மனம் வரவில்லை.

அது முப்பத்தாறாம் வருஷம். சீமையில் பழைய ராஜா ஜனவரியில் இறந்து, மூத்த மகன் ராஜாவானார். நம் ஹெட்மாஸ்டருக்கு அச்சடித்த படம் போதவில்லை. எண்ணெய் வர்ணத்தில் ஆள் உயரப் படம் வேண்டும் என்றார். வரைவதற்கு நீங்கள், திறப்பு விழாவுக்குக் காரியதரிசியாக நான். ஒரு தபால் அட்டையிலிருந்த சின்னப் படத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வேலையைத் தொடங்கினீர்கள். ஐப்பசி மழைக்குள் கப்பற்படை உடுப்பு, பதக்கங்கள், கையுறை, மேசை விரிப்பின் மடிப்பு வரை எல்லாம் முடிந்துவிட்டன. விழி இருக்க வேண்டிய இரண்டு இடங்கள் மட்டும் வெறும் வெள்ளை.

"என்ன மாஸ்டர், கண்ணை மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மறக்கல சார். இன்னும் முடி சூட்டலையே."

முடிசூட்டு விழா அடுத்த மே மாதம். அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் உங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னீர்கள். அலங்காநல்லூருக்கு அப்பால் உங்கள் ஊரில் உங்கள் அப்பா அய்யனாருக்கு மண்குதிரை செய்பவர். மணி, சேணம், பல் எல்லாம் சூளையடியிலேயே முடிந்துவிடும். கண் மட்டும் கோவிலில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான். அதையும் அவர் நேரே நின்று எழுதமாட்டார். பக்கவாட்டில் நின்று, கண்ணாடியில் பார்த்து எழுதுவார். முதல் பார்வை மனிதர் மேல் விழக்கூடாது.

"நிலைக்கு வராம வழியிலயே கண்ணத் திறந்துட்டா அது நிக்காது சார். போயிரும்."

"மண்குதிரை எங்கே போகும்?"

"போனபெறகுதான தெரியும்" என்று சிரித்தீர்கள்.

சரித்திர வாத்தியார் சும்மா இருப்பேனா? இங்கிலாந்தில் சிம்மாசனம் ஒரு நொடியும் காலியாக இருப்பதில்லை, தந்தையின் மூச்சு நின்ற கணத்திலேயே மகன் ராஜா, முடிசூட்டுவது வெறும் சடங்கு என்று விளக்கினேன். அந்த ராஜா ஆள்பவரும் அல்லர். மந்திரிகள் எழுதித் தருவதை வாசிப்பார், நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். அவருக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இருந்தாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

"எழுதிக் குடுத்ததுல கையெழுத்துப் போடுறவரா? அப்ப அவரும் நம்மள மாதிரி வாத்தியாருதான்" என்றீர்கள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுத் தபால் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தீர்கள். "இதப் பாருங்க சார். இவரு இளவரசரா மெட்ராசுக்கு வந்தப்ப ஊரே கடையடைச்சிருச்சு. அப்பப் பேப்பர்ல வந்த படத்துலயும் இதே கண்ணுதான். நிக்கிற ஆள் கண்ணு இல்ல. எங்கயோ கெளம்புற ஆள் கண்ணு. எனக்கு இம்புட்டு நாளா அது பிடிபடல."

 நான் அட்டையைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் சட்டம் பேசினேன்.

மாவட்ட அதிகாரி நவம்பர் கடைசியில் வருவதாக உறுதியாயிற்று. ஹெட்மாஸ்டர் உங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"கண்ணில்லாத ராஜாவை அதிகாரிக்குக் காட்டச் சொல்றீரா? என்னை என்னன்னு நினைப்பாரு? நாளைக்குள்ள முடியலன்னா உமக்கு இங்க வேலை இல்ல, சொல்லிட்டேன்."

"மே மாசம் திறந்துர்றேன் சார்" என்று நீங்கள் அமைதியாகச் சொன்னீர்கள். உங்களுக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வேலை போனால் திரும்ப ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்வது எளிதல்ல. அப்படியும் நீங்கள் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம், படத்துக்கு மரச்சட்டம் செய்த தச்சரைப் பார்க்க நீங்கள் பசுமலை போயிருந்தீர்கள். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். அறைச் சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய்த் துணியை விலக்கினேன். மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்தேன். தேசப்படங்களில் ஊர்களுக்குப் புள்ளி வைத்துப் பழகிய கைதான். முதலில் வலக்கண், பிறகு இடக்கண். நேரே எதிரில் நின்றுதான் வைத்தேன். உங்கள் அப்பாவின் கண்ணாடி நினைவுக்கு வந்தபோது இரண்டாவது விழி முடிந்திருந்தது.

ராஜா என்னைப் பார்த்தார். நான் இடப்பக்கம் மூன்றடி நகர்ந்தேன். பார்வையும் வந்தது. நேர்முகமாக வரைந்த எந்தப் படமும் அப்படித்தான் என்று பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று அந்த விளக்கம் எனக்கு உதவவில்லை.

விழா நன்றாக நடந்தது. "கண்ணில் ஜீவன் இருக்கிறதே!" என்று அதிகாரி வியந்தார். ஹெட்மாஸ்டர் உங்கள் தோளில் தட்டினார். வரிசையின் கோடியில் நின்ற நீங்கள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். சாயங்காலம் வாசல் வேப்பமரத்தடியில் கேட்டீர்கள்:

"கண்ணாடி வச்சிருந்தீங்களா சார்?"

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் ஒப்புக்கொண்டதாயிற்று.

நீங்கள் கோபிக்கவில்லை. "சரி விடுங்க. இனிமே அத நேருக்கு நேரா பாக்காதீங்க" என்றீர்கள். திட்டியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் பேப்பர் தினமும் இருட்டிக்கொண்டே வந்தது. இருமுறை விவாகரத்தான ஒரு பெண்மணியை ராஜா மணக்க விரும்புகிறார். மந்திரிகள் கூடாது என்கிறார்கள். மந்திரிகள் சொல்வதற்கு மாறாக ராஜா நடந்தால் அரசியலமைப்பே ஆட்டம் காணும். நான் உங்களுக்குச் சொன்ன அதே சட்டம்தான் அவரைச் சுற்றி நெருக்கியது. டிசம்பர் பத்தாம் தேதி நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டார். கடைசியாகக் கையெழுத்திட்டது தன்னையே விலக்கும் காகிதத்தில். மறுநாள் தேசத்தை விட்டுப் போய்விட்டார். முடிசூடாமலே.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சத்தமாகச் சொன்னார்: "மாஸ்டர், நீங்க பாட்டுக்குக் கண்ணத் திறந்து விட்டீங்க. அவரு பாட்டுக்குப் பொம்பளையப் பாத்துட்டாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "போயிட்டாரா?" என்று மட்டும் கேட்டீர்கள், ரயிலேறப் போன ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் நம் இருவரையும் கூப்பிட்டார். "பட்டத்துக்கு வந்திருக்கறது தம்பிதானே? மூக்கு, வாய் ரெண்டையும் கொஞ்சம் மாத்திரும். கண் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"ஒருத்தருக்குத் திறந்த கண்ண இன்னொருத்தருக்கு வைக்கக் கூடாது சார். வேணும்னா புதுசா ஒண்ணு எழுதித் தாரேன்."

"திறக்கறப்ப மட்டும் எங்கய்யா போச்சு உம்ம சாத்திரம்? மே மாசம்னு சொல்லிட்டு நவம்பர்ல நீர்தானே திறந்தீர்?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தால் போதும். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார். நாந்தான்."

வேலை அன்றே போயிற்று. தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு "வாரேன் சார்" என்று புறப்பட்டீர்கள். கடிதம் போடுங்கள் என்றேன். அப்படித்தான் சொல்லத் தெரிந்தது எனக்கு.

அழகர்கோவில் சாலையில் கடைகளுக்குப் பலகை எழுதிப் பிழைப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு முறை அந்தப் பக்கம் போய், தூரத்திலேயே திரும்பிவிட்டேன். உங்கள் ராஜா ஊர் ஊராகத் திரிந்தார். சண்டைக் காலத்தில் எங்கோ ஒரு தீவுக்கு அதிகாரியாக அனுப்பினார்கள். அதே சண்டைக் காலத்தில்தான் நீங்கள் விஷக்காய்ச்சலில் போனீர்கள். எனக்குச் செய்தி வந்தபோது பதினாறும் முடிந்திருந்தது.

படத்தை அப்போதே சாமான் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார்கள். திருப்பும்போது நானும் உடனிருந்தேன். நாற்பத்தேழில் ராஜாக்கள் படமெல்லாம் இறக்கியபோது, அதையும் எடுக்க பியூனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றேன்.

"எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?" என்று கேட்டேன்.

"வாசலப் பாத்துல்ல சார் நிக்கிது."

பெருக்க வந்த யாரோ திருப்பியிருப்பார்கள். நிச்சயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அது என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

மாஸ்டர், மேலே எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். மூன்றாவது குறிப்பு தவறு.

அந்த நவம்பர் மாலையில், உங்களை எச்சரித்த கையோடு ஹெட்மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். படம் முழுசாக நிற்காவிட்டால் காரியதரிசியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் தூரிகையை எடுத்தபோது உங்கள் பெண்களை நான் நினைக்கவில்லை, உங்களையும் நினைக்கவில்லை. நண்பருக்காகச் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பழக்கத்தில் அதற்கு எண்ணும் போட்டுவிட்டேன்.

உங்கள் வேலைக்காக அல்ல. என் வேலைக்காக. "ஆமா சார், நாந்தான்" என்பது நான் சொல்லியிருக்க வேண்டிய மூன்று சொல். நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு இன்னும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத மட்டும் வருகிறது.