பெரிதான கண்மணி

சிபுந்தோய்
3.6.1987

அன்பு மகள் நூபியாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று முகம் மழிக்கும்போது பார்த்தேன், வலது கண்மணி மட்டும் மிகப் பெரிதாக விரிந்திருந்தது. பக்கத்து வீட்டு கஸ்டோடியா, "ஒரு கண்ணு என்னைப் பாக்குது, இன்னொண்ணு செத்துப்போன என் புருஷனைத் தேடுது" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாமாம். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

அப்பா
லிசாண்ட்ரோ

காலி நகரம்
8.6.1987

அன்புள்ள அப்பா,

இனி நீங்கள் தனியாக இருக்கவே கூடாது. 27-ஆம் தேதி சனிக்கிழமை உங்களை அழைத்துவர வருகிறோம். வீட்டை வாங்க இவர் ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார், அவரும் கூட வருவார். பின்னறையை உங்களுக்காக ஒழித்துவிட்டேன். மாடி வீடுதான், தோட்டம் இல்லை. ஒரு பூந்தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

நூபியா

சிபுந்தோய்
12.6.1987

அன்பு மகளே,

கண் மங்கலாக இருப்பதால் நான் சொல்ல, கஸ்டோடியா எழுதுகிறாள்.

பக்கவாதம் இல்லை. கொல்லையில் எக்காளம் எக்காளமாகப் பூத்துத் தொங்குகிறதே, அந்த ஊமத்தை மரத்தைக் கவாத்து செய்தேன். அதன் சாறு பட்ட கையால் கண்ணைத் துடைத்திருக்கிறேன். யோசித்தபோதுதான் புரிந்தது. சொன்னால் மரத்தை வெட்டச் சொல்வாய் என்று தயங்கினேன்.

டாக்டர் நம்பவில்லை. "மரத்து மேல பழி போடாதீங்க வாத்தியாரே, வயசாச்சுல்ல" என்றார். வலது கண் தானாகச் சரியாகிவிட்டது. அதனால் அவர் எதிரிலேயே ஓர் இலையைக் கிள்ளி, இடது கண்ணில் தடவிக் காட்டினேன். அதுவும் விரிந்தது. ஒப்புக்கொண்டார். பிறகு வெகுநேரம் திட்டினார்.

நூபியா கண்ணு, இது நான் சேக்கறது. உங்கப்பா பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கு அந்த மனுஷன் கை நடுங்கவே இல்ல.

அப்பா

காலி
17.6.1987

அப்பா,

பக்கவாதம் இல்லை என்று படித்ததும் அழுதுவிட்டேன். மேலே படித்ததும் அழுகை கோபமாகிவிட்டது. தெரிந்தே கண்ணில் விஷத்தைத் தடவுகிறவரை எப்படித் தனியே விடுவது? மரத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் எங்களோடு வந்துவிடுங்கள். இரண்டில் ஒன்று. கஸ்டோடியா அக்கா எழுத வேண்டாம், நீங்களே பதில் எழுதுங்கள்.

நூபியா

சிபுந்தோய்
21.6.1987

அன்பு மகள் நூபியாவுக்கு,

நானேதான் எழுதுகிறேன். கண் தெளிந்துவிட்டது.

கையுறை வாங்கிவிட்டேன். வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் வாங்கினேன். போட்டுக்கொண்டால் பார்க்கச் சகிக்காது. இனி அவை இல்லாமல் அந்த மரத்தைத் தொட மாட்டேன். விளக்கேற்றும் நேரத்தில் பூக்கள் விரிந்து, மணம் உள்ளே வந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது முடிந்ததாகத் தோன்றுகிறது. இதை ஒரு காரணமாக நீ ஏற்பாயா என்று தெரியவில்லை. என்னிடம் வேறு காரணம் இல்லை.

மரத்தை வெட்ட மாட்டேன். உங்களோடு வரவும் மாட்டேன்.

இதை மென்மையாகச் சொல்லிப் பார்த்தேன். அப்படி எழுதிய ஒவ்வொரு கடிதமும் சம்மதம் சொல்வதுபோலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

சனிக்கிழமை அவசியம் வாருங்கள். சோளம் போட்டுக் கோழிச் சூப் வைக்கிறேன். மூன்று தட்டுதான் எடுத்து வைப்பேன். வீடு வாங்குகிறவருக்குச் சொல்லிவிடு.

உன் அப்பா
லிசாண்ட்ரோ